செடிகளுக்கும் ஒரு காப்பாளர் வேண்டும்: தோட்டக்கலைச் சங்கங்களுக்கும் மாடித்தோட்டக் குழுக்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சங்கப் பொறுப்பாளர்களுக்கும் குழு நிர்வாகிகளுக்கும்,

வணக்கம்.

ஆர்க்கிட், அடீனியம், கள்ளி, போன்சாய், பெரணி, அல்லி என்று ஏதேனும் ஒரு வகையைத் தேடித் தேடிச் சேர்த்து மாடியிலும் முற்றத்திலும் வளர்த்துவருபவர்களில் பெரும்பாலோர் பணி ஓய்வு பெற்றவர்கள் என்பது நம் கூட்டங்களின் முன்வரிசை நாற்காலிகளைப் பார்த்தாலே தெரியும். மண்கலவை பற்றியும் மாவுப்பூச்சி பற்றியும் மணிக்கணக்கில் பேசுகிறோம். ஆனால் வளர்ப்பவர் நோயில் படுத்துவிட்டாலோ இறந்துவிட்டாலோ அவருடைய செடிகள் என்னாகும் என்ற கேள்வி, நான் கலந்துகொண்ட எந்தக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலிலும் இடம்பெற்றதில்லை. அதைப் பேசுவது அபசகுனம் என்ற தயக்கம் ஒரு காரணமாக இருக்கலாம். அது குடும்பத்தின் விவகாரம், சங்கத்துக்கு அதில் என்ன வேலை என்ற எண்ணம் இன்னொரு காரணமாக இருக்கலாம். இரண்டாவது எண்ணம் தவறானது என்று காட்டுவதற்காகவே இம்மடலை எழுதுகிறேன். ஒரு செடிச் சேகரிப்பு பிழைக்குமா பட்டுப்போகுமா என்பது பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களில் முடிவாகிவிடுகிறது. அந்த இரண்டு வாரங்களில் குடும்பத்தாருக்கு ஆஸ்பத்திரியிலோ ஈமக்கடன்களிலோ வேலை இருக்கும். செடியைப் பற்றித் தெரிந்தவர்கள் என்று அப்போது எஞ்சியிருப்பவர்கள் நாம்தான்.

சாவைப் பற்றிப் பிறகு பேசலாம். அதைவிட அடிக்கடி நேர்வது, வளர்ப்பவர் சில மாதங்கள் மாடிப்படி ஏற முடியாமல் போவது. மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர் இரண்டு மாடி ஏறித் தண்ணீர் ஊற்ற முடியாது. கண்புரை அறுவைக்குப் பின் சில வாரங்களுக்குக் குனிந்து தொட்டி தூக்கக் கூடாது, மண்தூசி கண்ணில் படக் கூடாது என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர், பக்கவாதம் வந்து பேச்சுக் குழறியவர், டெங்குக் காய்ச்சலில் படுத்தவர் ஆகியோருக்கு முன்கூட்டித் திட்டமிட நாளே கிடைப்பதில்லை. மகளின் பிரசவத்துக்காக ஆறு மாதம் அமெரிக்கா போகும் பெற்றோரையும் இதில் சேர்த்துக்கொள்ளலாம். அது நோயன்று என்றாலும் செடியைப் பொறுத்தவரை விளைவு ஒன்றுதான். ஆகவே இது முதியோருக்கான ஏற்பாடு என்றோ சாவுக்கான ஏற்பாடு என்றோ எண்ணி யாரும் முகம் சுளிக்க வேண்டியதில்லை.

உயில் எழுதி வைத்தால் போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். உயில் நல்லதுதான். 1925 ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, எழுதியவர் கையொப்பமிட்டு இரண்டு சாட்சிகள் சான்றொப்பமிட்ட உயில், முத்திரைத்தாளில் இல்லாமல் வெள்ளைத்தாளில் இருந்தாலும் செல்லும். பதிவு செய்வது கட்டாயமில்லை. ஆனால் உயில் என்பது எழுதியவர் இறந்த பிறகுதான் உயிர்பெறும் ஆவணம். அவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கும்போது அதனால் ஒரு குவளைத் தண்ணீர்கூடப் பிறக்காது. இறந்த பிறகும், நம் வீடுகளில் பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை பெட்டியைத் திறப்பதும் பத்திரம் தேடுவதும் வழக்கமில்லை. அதற்குள் வெறும் வேரோடு தொங்கும் வாண்டா ஆர்க்கிட் சுருங்கிவிட்டிருக்கும். அதிகாரப் பத்திரம் கொடுத்து வைத்தாலும், கொடுத்தவர் இறந்தாலோ சித்தம் தவறினாலோ ஒப்பந்தச் சட்டத்தின் 201 ஆவது பிரிவின்படி அந்த அதிகாரம் முடிந்துவிடும். எனவே யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியையும், நாளைக் காலை யார் தண்ணீர் ஊற்றுவது என்ற கேள்வியையும் பிரித்து வைத்துக்கொள்வது நல்லது. முதற்கேள்விக்கு வழக்கறிஞர் போதும். இரண்டாவதற்குப் பக்கத்துத் தெருவில் ஓர் ஆள் வேண்டும்.

அந்த ஆளுக்கு நல்ல மனம் மட்டும் இருந்தால் போதாது என்பதைத்தான் குடும்பத்தார் அறிவதில்லை. கவனிப்பாரற்றுச் சாகும் செடிகளைவிட, கருணையால் சாகும் செடிகள் அதிகம் என்பது என் கணிப்பு. அடீனியம் தன் பருத்த அடித்தண்டில் நீரைச் சேமித்து வைத்திருக்கும். பல நாட்கள் தண்ணீரின்றித் தாங்கும். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் இரக்கப்பட்டு நாள்தோறும் ஒரு வாளி ஊற்றினால், இரண்டு வாரத்தில் தண்டு அடியிலிருந்து அழுகத் தொடங்கும். ஐப்பசி அடைமழையில் வளர்ப்பவர் ஆஸ்பத்திரியில் இருந்தால், அடீனியத்துக்கும் கள்ளிக்கும் செய்ய வேண்டியது தண்ணீர் ஊற்றுவதன்று. மழைபடாத இடத்துக்கு நகர்த்துவது. அதே மாடியில், ஆழமற்ற தட்டில் வளரும் போன்சாய் அக்னி நட்சத்திர நாட்களில் ஒரு நாள் தண்ணீரின்றிப் போனாலே கருகும். மரச்சட்டத்தில் தொங்கும் வாண்டாவுக்கோ கோடையில் காலையும் மாலையும் தெளிக்க வேண்டும். பெரணிக்கு ஈரக்காற்று வேண்டும். ஆழ்குழாய்த் தண்ணீரின் உப்பு ஆர்க்கிட் இலைநுனியைத் தீய்க்கும். சுத்திகரிப்பு இயந்திரம் வெளியேற்றும் கழிவுநீரைச் சிக்கனம் கருதி ஊற்றினால் இன்னும் மோசம். வளர்ப்பவரின் கைக்குப் பழகிப்போன இந்த வேறுபாடுகள் எதுவும் எழுத்தில் இல்லை. சொட்டுநீர்க் குழாயும் நேரம் குறித்து இயங்கும் கருவியும் வாங்கி வைத்துவிட்டால் கவலையில்லை என்று கடைக்காரர்கள் சொல்லலாம். சென்னைத் தண்ணீரின் உப்பு சொட்டுவாயை அடைக்கும், கருவியின் மின்கலம் தீரும், அவை நின்றுபோனதைக் கண்டுபிடிக்க எப்படியும் ஓர் ஆள் வேண்டும்.

உறங்கும் கிழங்குகளின் நிலைமை இன்னும் பரிதாபமானது. நம் மாநில மலரான செங்காந்தள், பூத்துக் காய்த்து முடிந்ததும் தண்டு காய்ந்து கோடை முழுவதும் மண்ணுக்கடியில் கிழங்காக உறங்குகிறது. வண்ண இலைக் கலாடியத்துக்கும் மே மாதத்தில் பந்துபோலப் பூக்கும் சிவப்பு லில்லிக்கும் அவற்றுக்குரிய உறக்கக் காலம் உண்டு. அந்த நாட்களில் தொட்டியைப் பார்ப்பவருக்கு வெறும் மண்தான் தெரியும். வீட்டைக் காலி செய்ய வரும் மகனோ மருமகளோ முதலில் கொட்டுவது அந்தத் தொட்டிகளைத்தான். அதில் அவர்கள் மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அதோடு, கண்வலிக்கிழங்கு என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் அந்தச் செங்காந்தள் கிழங்கில் கால்சிசின் என்னும் கொடிய நஞ்சு இருக்கிறது. தின்றால் உயிர் போகும். சதுரக்கள்ளி வகைகளின் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கு ஆபத்து. அடீனியத்தின் பாலும் நஞ்சே. குழந்தைகளும் நாயும் இருக்கும் வீட்டுக்கு இவற்றை விட்டுச்செல்பவர் அதைச் சொல்லாமல் போவது பொறுப்பான செயல் ஆகாது.

ஆகவே ஒவ்வொரு உறுப்பினரும் முதலில் எழுத வேண்டியது உயிலன்று, ஒரு பக்கத் தாள். முதல் வாரத்தில், செடி வளர்ப்பே தெரியாத ஒருவர் வந்து என்ன செய்ய வேண்டும், முக்கியமாக என்ன செய்யக் கூடாது என்பதை மட்டும் அது சொல்ல வேண்டும். மாடிச் சாவி எங்கே, மோட்டார் சுவிட்ச் எது, எந்தத் தொட்டித் தண்ணீரைப் பயன்படுத்த வேண்டும், பசுமை வலையை எப்போது விரிக்க வேண்டும், எந்தச் செடிக்குத் தினமும் தண்ணீர், எதற்கு வாரம் ஒருமுறை, எதற்குச் சொல்லும்வரை வேண்டவே வேண்டாம், யாரைத் தொலைபேசியில் அழைக்க வேண்டும் என்பவை இருந்தால் போதும். செடிப் பெயர்கள் தெரியாதவருக்காகத் தொட்டிகளின் விளிம்பில் மூன்று நிறங்களில் வண்ணம் பூசிவிடலாம்: நீலம் என்றால் தினமும், மஞ்சள் என்றால் வாரம் ஒருமுறை, சிவப்பு என்றால் தொடாதே. உறங்கும் கிழங்குள்ள தொட்டியில் ஒரு குச்சியை நட்டு, உள்ளே கிழங்கு உண்டு என்று எழுதிவிடலாம். தாமரையும் அல்லியும் வளரும் தொட்டிகளின் மேல், கொசுப்புழுவைத் தின்னும் மீன் விடப்பட்டுள்ளது என்று பெரிய எழுத்தில் ஒட்டுவது நல்லது. டெங்குத் தடுப்புக்காகச் சோதனைக்கு வரும் மாநகராட்சிப் பணியாளர், வீட்டில் விவரம் சொல்ல ஆளில்லாவிட்டால், தேங்கிய தண்ணீரைக் கவிழ்த்துவிட்டுப் போவார். அவர் கடமையை அவர் செய்கிறார். இந்தத் தாளை இரும்புப் பெட்டியில் வைப்பதில் பயனில்லை. மழை படாதபடி உறையிட்டு மாடிக்கதவின் உட்புறத்தில் ஒட்ட வேண்டும்; ஒரு படி சங்கத்திடம் இருக்க வேண்டும்.

இரண்டாவது ஆவணம் பதிவேடு. அது நீண்ட நாள் வேலை. முதல் தாளைப்போல அவசரமானதன்று, ஆனால் சேகரிப்பின் மதிப்பு முழுவதும் அதில்தான் இருக்கிறது. எந்தச் செடி, யாரிடமிருந்து, எந்த ஆண்டு வந்தது, விதையிலிருந்து எழுப்பியதா ஒட்டுக்கட்டியதா, காட்டுமூலம் என்றால் எந்த இடத்தைச் சேர்ந்தது என்ற விவரங்கள் அற்றுப்போனால், அரிய ஆர்க்கிட்டும் வெறும் பச்சை இலைகளாகிவிடும். அழியாத மை என்று விற்கப்படும் பேனா எழுத்து நம் வெயிலில் வெளுத்துப்போவதைப் பார்த்தவர்கள் நம்மில் பலர். சாதாரணப் பென்சிலால் எழுதியது அதைவிட நிற்கும். அலுமினியத் தகட்டில் ஆணியால் கீறிய எண் எல்லாவற்றையும்விட நிற்கும். தொட்டியில் எண், புத்தகத்தில் விவரம் என்று வைத்துக்கொண்டால் பெயர்ச்சீட்டு தொலைந்தாலும் நட்டமில்லை. பதிவேட்டைக் கைப்பேசிக்குள் மட்டும் வைத்திருப்பவர்கள் அதைத் திறக்கும் எண்ணையும் யாரிடமாவது சொல்லி வைக்க வேண்டும். கைரேகையைக் காட்டித் திறப்பதற்கு நாம் இருக்க மாட்டோம்.

பதிவேட்டில் இன்னொரு குறிப்பும் வேண்டும் என்பது என் வற்புறுத்தல்: இவற்றுள் எவை காப்பாற்றப்பட வேண்டியவை? எல்லாச் செடியும் விலைமதிப்பற்றது என்று நாம் நினைப்பது பாசத்தால். தாய்லாந்திலிருந்து இறக்குமதியான கலப்பின டென்ட்ரோபியம் ஆர்க்கிட்டை நாளைக்கே எந்த நர்சரியிலும் வாங்கலாம். அது போனால் குடும்பத்தார் வருந்த வேண்டாம் என்று நாமே எழுதிவைத்துவிடலாம். ஆனால் இப்போது எந்த நர்சரியிலும் கிடைக்காத ஓர் அடுக்குச் செம்பருத்தி, பாட்டி வீட்டிலிருந்து பதியன் போட்டு வந்த இருவாட்சி, தானே மகரந்தம் சேர்த்து விதையிலிருந்து எழுப்பிய அடீனியம் ஆகியவை வேறெங்கும் இல்லை. பத்தில் ஒன்றுகூட இப்படி இருக்காது. அந்த ஒன்றைக் காட்டிக்கொடுக்காவிட்டால், ஏராளமான தொட்டிகளுக்கு நடுவே அது யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

அப்படிப்பட்ட செடிக்கு உயில் எழுதுவதைவிடச் சிறந்த காப்பு, உயிரோடு இருக்கும்போதே அதன் கிளையையோ கன்றையோ மூன்று பேர் வீட்டில் வளரவிடுவது. தென்னாப்பிரிக்காவின் நாட்டால் பகுதியிலுள்ள ஓங்கோயே காட்டில் 1895 இல் ஜான் மெட்லி வுட் என்ற தாவரவியலாளர் பனைபோலத் தோன்றும் சைக்காட் வகை மரங்களுள் ஓர் இனத்தைக் கண்டார். அது ஒரே ஓர் ஆண் மரக்கொத்து. அதற்குப் பெண்மரம் இன்றுவரை எங்கும் அகப்படவில்லை. காட்டிலிருந்த கடைசித் தண்டும் 1916 இல் எடுக்கப்பட்டுவிட்டது. ஆயினும் என்செபலார்ட்டோஸ் வூடியை என்ற அந்த இனம் இன்றும் லண்டனின் கியூ தோட்டம் உட்படப் பல நாடுகளில் உயிரோடிருக்கிறது. அடியில் முளைத்த பக்கக்கன்றுகளைப் பிரித்துப் பிரித்துக் கொடுத்தார்கள் என்பதே காரணம். நம்மிடையே சிலருக்கு, தன்னிடம் மட்டும் இருக்கும் செடியை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருப்பதில் ஒரு பெருமை உண்டு. அந்தப் பெருமை அச்செடிக்குத் தரும் ஆயுள், தன்னுடைய ஆயுள் அளவே என்பதை அவர்கள் எண்ணிப்பார்க்க வேண்டும்.

பணமும் ஆள்பலமும் இதற்கு மாற்றாகாது. இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில் வார்லி பிளேஸ் என்ற தோட்டத்தை வைத்திருந்த எலன் வில்மாட், உச்ச நிலையில் நூற்றுக்கு மேற்பட்ட தோட்டக்காரர்களை வேலைக்கு வைத்திருந்தவர். அக்காலத்தின் மிகப்பெரிய தனியார் சேகரிப்புகளுள் ஒன்று அவருடையது. கடன் சுமையோடு 1934 இல் அவர் இறந்தார். ஐந்தாண்டுக்குள் வீடு இடிக்கப்பட்டது; தோட்டம் காடாகி, இன்று இயற்கைக் காப்பிடமாக இருக்கிறது. வசந்தத்தில் அங்கே பழைய கிழங்குப் பூக்கள் இன்னும் பூக்கின்றன. சேகரிப்பு என்று சொல்லத்தக்க முழுமை போய்விட்டது. நம் பக்கத்தில் வயநாட்டில் நடந்ததை இதற்கு எதிரே வைத்துப் பார்க்கலாம். உல்ஃப்காங் தியோர்காஃப் என்ற ஜெர்மானியர் 1981 இல் பெரியா என்ற இடத்தில் தொடங்கிய குருகுலத் தாவரக் காப்பகம், மேற்குத் தொடர்ச்சி மலையின் பெரணிகளையும் ஆர்க்கிட்களையும் காசித்தும்பை இனங்களையும் காத்துவருகிறது. அவர் 2014 இல் காலமானார். காப்பகம் நின்றுவிடவில்லை. அங்கே பல்லாண்டுகளாக அவரோடு மண்ணில் வேலை செய்த பெண்களின் கைகளிலும், சேர்ந்து நடத்தியவர்களின் தலையிலும் அந்த அறிவு ஏற்கெனவே இறங்கிவிட்டிருந்தது. சொத்து மாறுவதற்கு ஒரு கையெழுத்து போதும். செடியைப் பார்க்கும் கண் மாறுவதற்கு ஆண்டுகள் வேண்டும்.

இதிலிருந்து நம் வீடுகளுக்கு எடுத்துக்கொள்ளக் கூடியது என்னவென்றால், வாரிசு என்றதும் பிள்ளைகளை நோக்கித் திரும்பும் பழக்கத்தைக் கொஞ்சம் தள்ளி வைப்பதுதான். பெங்களூரிலோ சிட்னியிலோ அடுக்குமாடியில் குடியிருக்கும் மகனிடம் எண்பது தொட்டிகளை ஒப்படைப்பது அன்பளிப்பாகாது. அது ஒரு குற்றவுணர்வை ஒப்படைப்பது. ஒரு மல்லிகைப் பதியனை அவன் நினைவுக்காகக் கேட்டு எடுத்துப்போகட்டும். மற்றவற்றிலிருந்து அவனை விடுவித்து ஒரு வரி எழுதிவைப்பது பெற்றோரின் கடமை. மறுபுறம், பல வீடுகளில் நாள்தோறும் மாடியேறித் தண்ணீர் ஊற்றுபவர் வீட்டு வேலைக்கு வரும் அம்மாவோ வாரம் இருமுறை வரும் தோட்டக்காரரோதான். எந்தத் தொட்டி எப்போது காயும் என்பது உரிமையாளரைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். முதலாளி இறந்த மறுநாள் அவருடைய வேலை நின்றுவிடுகிறது. இரண்டு மூன்று மாதங்களுக்கு அவர் தொடர்ந்து வந்து பார்ப்பதற்கான கூலியைத் தனியே எடுத்துவைத்து அதைக் குடும்பத்துக்குச் சொல்லிவைப்பது, வாங்கும் அடுத்த ஆர்க்கிட்டைவிடப் பயனுள்ள செலவு.

தாவரவியல் பூங்காக்களுக்குக் கொடுத்துவிடலாம் என்ற நம்பிக்கை பலரிடம் இருக்கிறது. ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தேசிய ஆர்க்கிட் தோட்டமும், கேரளத்தின் பாலோட்டில் வெப்பமண்டலத் தாவரவியல் தோட்டமும் உள்ளன. இப்படிப்பட்ட நிறுவனங்களின் வேலை ஆய்வும் பாதுகாப்பும். எங்கிருந்து வந்தது என்ற விவரமில்லாத செடியால் அவற்றுக்கு அதிகப் பயனில்லை. கலப்பினங்களுக்கு அங்கே இடமும் ஆளும் ஒதுக்குவார்கள் என்று எதிர்பார்ப்பதும் நியாயமன்று. கொடுக்க விரும்புவோர் உயிரோடிருக்கும்போதே எழுதிக் கேட்டு, எதை ஏற்பார்கள் என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். பெட்டியில் கட்டிக்கொண்டுபோய் வாசலில் இறக்கிவிட்டு வருவது தானமாகாது.

சட்டம் பற்றி ஒரு சொல். 1972 ஆம் ஆண்டின் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில், 1991 திருத்தத்தால் சேர்ந்த 17ஏ பிரிவு, குறிப்பிட்ட சில தாவரங்களை அனுமதியின்றி வைத்திருப்பதையும் விற்பதையும் மட்டுமன்றி, அன்பளிப்பாகக் கைமாற்றுவதையும் தடுக்கிறது. காசி மலைக் குடுவைச் செடி, நீல வாண்டா, லேடீஸ் ஸ்லிப்பர் ஆர்க்கிட், பெட்டோமின் சைக்கஸ் ஆகியவை அத்திருத்தத்தின் பட்டியலில் இருந்தவை. 2022 திருத்தம் அட்டவணைகளை மாற்றியமைத்திருப்பதால் இன்றைய நிலையை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ள வேண்டும். உரிமம் பெற்ற நர்சரியில் வாங்கிய ரசீது இருந்தால் பதிவேட்டோடு சேர்த்து வையுங்கள். ஏதுமறியாத விதவை மனைவி அந்தத் தாளைத் தேடி அலையக் கூடாது. அதேபோல, ஆர்க்கிட் குடும்பம் முழுவதும் கள்ளிக் குடும்பத்தின் பெரும்பகுதியும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டு ஒப்பந்தமான சைட்டீஸின் பட்டியலில் வருகின்றன. அப்பாவின் நினைவாக ஒன்றைச் சூட்கேசில் வைத்துச் சிங்கப்பூருக்குக் கொண்டுபோகலாம் என்று நினைக்கும் பிள்ளைகளுக்கு இதை முன்பே சொல்லிவைக்க வேண்டும்.

இனி, சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்லியாக வேண்டிய ஒன்று. துக்கம் கேட்க வந்த இடத்தில் மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்பவர்கள் நம்மில் இருக்கிறார்கள். ஒரே ஒரு கிளை, ஒரே ஒரு கிழங்கு என்று கேட்டு வாங்குபவர்களும், கேட்காமலே எடுப்பவர்களும் இருக்கிறார்கள். காரியம் முடிவதற்குள் மொத்தமாக ஒரு விலை பேசி, தொட்டியின் விலைகூடத் தேறாத தொகைக்குச் சேகரிப்பையே தூக்கிச் செல்லும் வியாபாரிகளும் உண்டு. அந்த நேரத்தில் வீட்டிலுள்ளவர்களுக்கு எதன் மதிப்பு என்னவென்று தெரியாது, மறுக்கவும் வாய் வராது. பதினாறு நாட்கள் முடியும்வரை எந்த உறுப்பினரும் செடியைப் பற்றிக் குடும்பத்தாரிடம் பேசக் கூடாது, தண்ணீர் ஊற்றப் பணிக்கப்பட்ட காப்பாளர் மட்டுமே மாடி ஏறலாம் என்பதைச் சங்கங்கள் எழுத்துப்பூர்வமான விதியாக்க வேண்டும். இறந்தவரின் வீட்டு மாடியைப் படமெடுத்து, முகவரியோடு குழுவில் பகிர்வதையும் இந்த விதியிலேயே தடுக்க வேண்டும்.

இப்போது சங்கங்களிடம் நான் கேட்பதைச் சொல்கிறேன். உறுப்பினர் படிவத்தில் ஒரு பக்கம் கூடுதலாகச் சேருங்கள். அதில் உறுப்பினர், நடந்துவரும் தொலைவில் வசிக்கும் இரண்டு உறுப்பினர்களைத் தம் சேகரிப்புக்குக் காப்பாளர்களாகக் குறிப்பிடட்டும். அவர்கள் சம்மதித்துக் கையொப்பமிடட்டும். குடும்பத்தில் ஒருவரும் கையொப்பமிடட்டும், ஏனெனில் வீட்டார் அறியாத காப்பாளரைக் காவலாளி உள்ளே விடமாட்டார். இருவர் என்று சொல்வதற்குக் காரணம், நம் வயதில் ஒரு காப்பாளரும் அதே வாரத்தில் ஆஸ்பத்திரியில் இருக்கக்கூடும் என்பதுதான். அவ்விருவருள் ஒருவராவது உறுப்பினரைவிட இருபது வயதேனும் இளையவராக இருந்தால் நல்லது. அப்படி இளையவர் கிடைக்கவில்லையென்றால், சங்கம் தன் உறுப்பினர் சேர்க்கையைப் பற்றியே யோசிக்க வேண்டிய நிலை வந்துவிட்டது என்று பொருள்.

காப்பாளர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது, சித்திரைக்கு முன்போ பருவமழைக்கு முன்போ, உறுப்பினரின் மாடிக்குச் சென்று அவரோடு சேர்ந்து ஒரு காலைப்பொழுது தண்ணீர் ஊற்றிப் பார்க்க வேண்டும். எழுதியதைப் படித்துத் தெரிந்துகொள்ள முடியாதவை அந்த ஒரு காலையில் விளங்கும். நோயாளி குணமாகித் திரும்பினால் சாவியை ஒப்படைத்துவிட்டு வந்துவிடலாம். இறந்துவிட்டால், குடும்பத்தார் தமக்கு வேண்டியதை எடுத்துக்கொண்ட பிறகு, பதிவேட்டில் குறிக்கப்பட்ட அரிய செடிகளை ஒருவரிடமே கொடுக்காமல் மூன்று நான்கு பேரிடம் பிரித்துக் கொடுப்பதும், எஞ்சியவற்றை நியாய விலைக்கு விற்றுப் பணத்தைக் குடும்பத்திடம் சேர்ப்பதும் காப்பாளர்களின் பொறுப்பாகட்டும். சங்கம் அதில் பங்கு எடுக்கக் கூடாது என்பது என் கருத்து. வண்டி வாடகையைக் கழித்துக்கொள்வதில் தவறில்லை. காப்பாளர் தமக்கென ஒன்றை விரும்பினால் அதை மற்றவர் முன்னிலையில் கேட்டுப் பெறட்டும். கைமாறும் செடிகளை வாங்குபவர், தம் சொந்தச் செடிகளிலிருந்து ஒரு மாதமாவது தள்ளி வைக்க வேண்டும். கவனிப்பின்றிக் கிடந்த தொட்டிகளில் மாவுப்பூச்சியும் செதில்பூச்சியும் பெருகியிருக்கும், அவை இரக்கம் காட்டியவரின் மாடியையும் அழித்துவிடும்.

பிரிட்டனில் 1978 இல் தொடங்கப்பட்டு இன்று பிளான்ட் ஹெரிட்டேஜ் என்ற பெயரில் இயங்கும் அமைப்பு, தனியார் வீட்டுத் தோட்டங்களில் இருக்கும் சேகரிப்புகளையும் தேசியச் சேகரிப்புகள் என்று அங்கீகரித்துப் பட்டியல் வைத்திருக்கிறது. எது எங்கே யாரிடம் இருக்கிறது என்பது ஒருவருக்குத் தெரிந்திருப்பதே பாதிக் காப்பு. நமக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு இப்போது வேண்டியதில்லை. ஒரு நகரத்துச் சங்கம் தன் உறுப்பினர்களின் அரிய செடிகளை ஒரு நோட்டுப்புத்தகத்தில் எழுதி வைத்தாலே, ஒரு செடி ஓரிடத்தில் பட்டுப்போனால் இன்னோரிடத்திலிருந்து கிளை வாங்கிக்கொள்ள முடியும்.

மூத்த உறுப்பினர்களிடம் தனியாக ஒன்று கேட்கிறேன். ஹிரோஷிமாவைச் சேர்ந்த மசாரு யமாக்கி, 1625 ஆம் ஆண்டு முதல் வளர்க்கப்பட்டுவருவதாகக் கணிக்கப்படும் தம் குடும்பத்தின் ஊசியிலை போன்சாய் ஒன்றை 1976 இல் அமெரிக்கத் தேசிய மரப்பூங்காவுக்குக் கொடுத்தார். 1945 ஆகஸ்டில் விழுந்த அணுகுண்டிலிருந்து தப்பிய மரம் அது; அச்செய்தியை அவருடைய பேரப்பிள்ளைகள் 2001 இல் அங்கே வந்து சொன்ன பிறகே பூங்காவினர் அறிந்தார்கள். பல தலைமுறை கைமாறி வந்த ஒன்றை அவர் தாம் வாழும்போதே, பார்த்துக்கொள்ளத் தெரிந்தவர்களிடம் கொடுத்தார் என்பதை மட்டும் நான் சுட்ட விரும்புகிறேன். எழுபதைக் கடந்தவர்கள் ஆண்டுக்குச் சில தொட்டிகளையாவது இப்படிக் கொடுத்துக் குறைத்துக்கொண்டே வரலாம். தூக்க முடியாத பெரிய தொட்டிகளை முதலில் கொடுங்கள். கொடுத்த செடி அடுத்தவர் வீட்டில் எப்படி வளர்கிறது என்று போய்ப் பார்க்கலாம், தவறாக வளர்த்தால் திட்டவும் செய்யலாம்; உயிலில் எழுதிக் கொடுத்தவருக்கு அந்த வசதி கிடையாது.

வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன் கூடும் உங்கள் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக எடுத்து விவாதித்து, காப்பாளர் பக்கத்தையும் பதினாறு நாள் விதியையும் ஏற்பதா என்று முடிவெடுத்து, உறுப்பினர்களுக்கு எழுத்தில் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். மாதிரித் தாள் தயாரிக்க ஆள் தேவைப்பட்டால் நான் வருகிறேன். என் மாடிக்கான தாளை எழுதி முடித்துவிட்டேன். அதில் காப்பாளர் பெயருக்கான இரண்டாவது வரி மட்டும் இன்னும் காலியாக இருக்கிறது. நடந்துவரும் தொலைவில் இருப்பவர்கள், குறிப்பாக இளையவர்கள், தொடர்புகொண்டால் மகிழ்வேன்.

இப்படிக்கு,
மாடியில் ஆர்க்கிட்டும் அடீனியமும் வளர்க்கும் ஓர் உறுப்பினர்,
சென்னை.